‘கார்டூம்’ திரைப்படமும் சூடானிய மஹ்தியின் வரலாறும்

1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் திரைக்கு வந்த ‘கார்டூம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அதில் இரண்டு காட்சிகளை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்று, பாலைவனத்தின் நடுவே ஒரு கூடாரத்தினுள் பிரித்தானிய ஜெனரல் சார்ள்ஸ் கோர்டனும், தம்மை மஹ்தி எனப் பிரகடனம் செய்துகொண்ட முஹம்மத் அஹ்மதும் நேருக்கு நேராக உரையாடும் காட்சி. மற்றையது, மாளிகையின் படிக்கட்டு உச்சியில் தன்னந்தனியாக நின்ற கோர்டன் ஈட்டிக்கு இரையாகும் காட்சி. முன்னையது வரலாற்றில் நிகழவேயில்லை. பின்னையது இவ்வாறுதான் நிகழ்ந்தது என எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஜோர்ஜ் வில்லியம் ஜோய் என்ற பிரித்தானிய ஓவியர் 1890களில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியமொன்றே அக்காட்சிக்கு மூலம்.

2023 ஏப்ரலில் சூடானில் இராணுவத்துக்கும் துணைப்படையினருக்கும் இடையே போர் மூண்டதிலிருந்து கார்டூம், ஒம்துர்மான், எல் ஒபைத் ஆகிய பெயர்கள் உலகச் செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபட்டு வந்துள்ளன. இம்மூன்று நகரங்களும் மஹ்தியின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவை. அந்த வரலாற்றை நம்மில் பலர் அறிந்திருப்பது, அறிந்திருந்தால், இப்படத்தின் ஊடாகத்தான். இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர். வீடியோ கசற் காலத்தில் இப்படத்தைப் பார்த்த பின்னரே முஹம்மத் அஹ்மத் என்ற மனிதரைப் பற்றித் தேடிப் படிக்க நேர்ந்தது. ஆகவே படம் எதைச் சொல்கின்றது, எதை விட்டுவிடுகின்றது என்பதை ஆராய்வது பயனற்ற முயற்சியாகாது.

படத்தை இயக்கியவர் பசில் டியர்டன். கோர்டனாக சார்ள்டன் ஹெஸ்டனும் மஹ்தியாக லோரன்ஸ் ஒலிவியரும் நடித்தனர். பிரதமர் கிளாட்ஸ்டனாகத் தோன்றிய ரால்ஃப் ரிச்சர்ட்சனின் நடிப்பு, நமது கருத்தில், மற்றைய இருவரினதையும் விஞ்சியது. திரைக்கதையை எழுதிய ரொபேர்ட் ஆர்ட்ரி நாடகாசிரியர். அத்துடன் மனித இனத்தின் தோற்றம் பற்றிப் பெரும் சர்ச்சைக்குரிய நூல்களை எழுதியவர். இத்திரைக்கதை ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒலிவியர் அதற்குச் சற்று முன்னர்தான் முகத்தில் கரிய ஒப்பனை பூசி ஒதெல்லோவாக மேடையிலும் திரையிலும் நடித்திருந்தார். அதே பாணி ஒப்பனையுடனேயே மஹ்தியாகவும் தோன்றினார். ஓர் ஆங்கிலேயர் சூடானியராக முகம் பூசி நடிப்பது அக்காலத்தில் எவருக்கும் உறுத்தவில்லை; இன்று அது கண்ணை உறுத்துகின்றது. முன்னாள் அடிமை வணிகர் சுபைர் பாஷாவாகப் பாகிஸ்தானிய நடிகர் ஸியா முஹ்யித்தீன் நடித்தார் என்பது பலரும் அறியாத செய்தி.

இனி வரலாற்றுக்கு வருவோம். முஹம்மத் அஹ்மத் 1844இல் வட சூடானின் டொங்கோலா பகுதியில், படகு கட்டும் தொழில் செய்த குடும்பமொன்றில் பிறந்தார். சகோதரர்கள் தந்தையின் தொழிலைத் தொடர, இவர் மார்க்கக் கல்வியை நாடிச் சென்றார். சம்மானிய்யா என்ற சூஃபி நெறியில் சேர்ந்து கடுந்தவ வாழ்க்கை வாழ்ந்தார். தமது குருவின் இல்லத்தில் நடந்த ஆடம்பரமான வைபவமொன்றைக் கண்டித்ததனால் அவரது சீற்றத்துக்கு ஆளாகி வெளியேற்றப்பட்டார் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. வெள்ளை நைல் நதியிலுள்ள அபா தீவில் குடியமர்ந்த இவரைத் தேடி மக்கள் வரத் தொடங்கினர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர், மேற்கேயுள்ள பக்காரா கால்நடை மேய்ப்பர் சமூகத்தைச் சேர்ந்த அப்துல்லாஹி. பிற்காலத்தில் மஹ்தியின் வாரிசாகிப் பதின்மூன்று ஆண்டுகள் சூடானை ஆண்டவர் இவரே. 1881 ஜூன் 29ஆம் திகதி முஹம்மத் அஹ்மத் தாமே எதிர்பார்க்கப்பட்ட மஹ்தி எனப் பகிரங்கமாக அறிவித்தார்.

மஹ்தி என்ற சொல்லுக்கு நேர்வழி காட்டப்பட்டவர் என்பது பொருள். உலகம் அநீதியால் நிரம்பும் இறுதிக் காலத்தில் ஒருவர் தோன்றி அதனை நீதியால் நிரப்புவார் என்ற நம்பிக்கை திருக்குர்ஆனில் நேரடியாக இடம்பெறவில்லை; நபிமொழி மரபில் இடம்பெறுகின்றது. இஸ்லாமிய வரலாற்றில் இவ்வாறு உரிமை கோரியோர் பலர். ஹிஜ்ரி 1300ஆம் ஆண்டு 1882 நவம்பரில் பிறக்கவிருந்த நிலையில், நூற்றாண்டின் திருப்பத்தில் ஒருவர் தோன்றுவார் என்ற எதிர்பார்ப்பு சூடானில் பரவலாக நிலவியது. முஹம்மத் அஹ்மதின் முன்பற்களுக்கு இடையிலிருந்த இடைவெளியையும் வலது கன்னத்து மச்சத்தையும்கூட அடையாளங்களாகக் கொண்டனர் அவரைப் பின்பற்றியோர்.

ஆயினும் மச்சத்தைக் கண்டு எந்த மக்களும் ஆயுதம் ஏந்துவதில்லை. பின்பற்றியோர் யார், ஏன் பின்பற்றினர் என்பதே இங்கு முதன்மையான வினா. திரைப்படம் இவ்வினாவை எழுப்பவேயில்லை. ஒலிவியர் கையை உயர்த்துகின்றார். பல்லாயிரம் குதிரை வீரர்கள் ஆர்ப்பரிக்கின்றனர். எகிப்தில் படமாக்கப்பட்ட அப்போர்க் காட்சிகள் பிரமாண்டமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பல்லாயிரம் பேரில் ஒருவனுக்கேனும் பெயரோ வீடோ குறையோ படத்தில் இல்லை.

1820–21இல் எகிப்திய ஆட்சியாளர் முஹம்மத் அலியின் படைகள் சூடானைக் கைப்பற்றின. எகிப்து அன்று துருக்கிய சாம்ராஜ்யத்துக்குப் பெயரளவில் கட்டுப்பட்டிருந்ததால் சூடானியர் அந்த ஆட்சியைத் ‘துருக்கிய ஆட்சி’ என்றே அழைத்தனர். வரி வசூலிக்க வந்த படையினரின் கையில் நீர்யானைத் தோலினாலான சாட்டை இருந்தது. நைல் கரையில் நீரிறைக்கும் ஏற்றத்துக்கு வரி, கால்நடைக்கு வரி, கட்டத் தவறினால் அந்தச் சாட்டை. நிலத்தை விட்டு ஓடியவர்கள் தெற்கிலும் மேற்கிலும் வணிகர்களாகினர். அவ்வணிகத்தில் அடிமை வணிகமும் அடங்கியிருந்தது. 1870களில் பிரித்தானியரின் தூண்டுதலால் எகிப்திய அரசு அடிமை வணிகத்தை ஒடுக்க முற்பட்டது. 1877 முதல் 1879 வரை ஆளுநர் நாயகமாக இருந்து அப்பணியைத் தீவிரமாக முன்னெடுத்தவர் வேறு யாருமல்லர், கோர்டனேதான். நோக்கம் நியாயமானது. ஆனால் ஒரு பிரதேசத்தின் பொருளாதாரத்தையே தாங்கி நின்ற கொடிய தூண் ஒன்றைத் திடீரென அகற்றியவர்கள் அவ்விடத்தில் எதனையும் நாட்டவில்லை.

சூடானிய மஹ்தியின் அரசைப் பற்றி 1958இல் விரிவான நூலொன்றை எழுதிய வரலாற்றாசிரியர் பி. எம். ஹோல்ட், அவரைப் பின்பற்றியோரை மூன்று பிரிவினராகக் காண்கின்றார். முதலாமவர் உண்மையான சீடர்கள். மார்க்கம் சீர்கெட்டுவிட்டதென வருந்தியவர்கள். இரண்டாமவர் அடிமை வணிகத் தடையினால் பிழைப்பிழந்த வடபகுதி வணிகர்கள். மூன்றாமவர் பக்காரா மேய்ப்பர்கள். வரியையும் அரசையும் ஒருசேர வெறுத்தவர்கள். சமயப் பற்று, பொருளாதார நலன், அரசு வேண்டாமென்ற வேட்கை ஆகிய மூன்றும் ஒரே கொடியின் கீழ் திரண்டன. மீட்பர் என்ற ஒருவர் இல்லாவிடின் இம்மூவரும் ஒன்று சேர்ந்திருக்கப் போவதில்லை. அந்தக் குறைகள் இல்லாவிடின் அந்த மீட்பர் அபா தீவிலேயே ஒரு துறவியாகக் காலம் கழித்திருப்பார்.

அவரது ஆரம்ப வெற்றிகள் அவரது உரிமைகோரலுக்குச் சான்றாக அமைந்தன. 1881 ஓகஸ்டில் அவரைக் கைது செய்ய இரண்டு படைப்பிரிவுகள் நீராவிப் படகில் அனுப்பப்பட்டன. இருளில் கரையிறங்கிய அவை குழப்பத்தில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன என்று கூறப்படுகின்றது. கம்பும் ஈட்டியும் ஏந்திய சீடர்கள் அவர்களை முறியடித்தனர். துப்பாக்கியைக் கம்பு வென்றுவிட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவிய வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் நூபா மலைப்பகுதிக்கு இடம்பெயர்ந்த அவர், நபிகளாரின் ஹிஜ்ரத்துடன் அதனை ஒப்பிட்டார். தம்மைப் பின்பற்றியோரை ‘அன்ஸார்’ என அழைத்தார். ஒட்டுப்போட்ட அங்கி அவர்களின் சீருடையாயிற்று. ஏழ்மையின் அடையாளமான அந்த ஒட்டுத்துணி பெருமையின் அடையாளமாக மாறியது. புகையிலை தடை செய்யப்பட்டது. திருமணச் செலவுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1883 ஜனவரியில் எல் ஒபைத் நகரம் நீண்ட முற்றுகையின் பின்னர் வீழ்ந்தது.

படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் பேரழிவு அந்த ஆண்டு நவம்பரில் நிகழ்ந்தது. பிரித்தானிய அதிகாரி ஹிக்ஸ் பாஷாவின் தலைமையில் சென்ற சுமார் 10,000 பேர் கொண்ட எகிப்தியப் படை, எல் ஒபைத்துக்கு அருகே ஷைகான் என்னுமிடத்தில் தாகத்தால் தவித்து, சூழப்பட்டு, அழிந்தது. உயிர் தப்பியோர் சில நூறு பேரே. இந்தப் படையினரைப் படம் முகமற்ற கூட்டமாகக் கடந்து செல்கின்றது. ஆனால் இலங்கை வாசகர்களாகிய நமக்கு இவர்கள் முற்றிலும் அந்நியர்கள் அல்லர். ‘எகிப்து எகிப்தியர்க்கே’ என்ற முழக்கத்துடன் கிளர்ந்தெழுந்த ஒராபி பாஷா, 1882 செப்டெம்பரில் தெல் அல் கபீர் போரில் பிரித்தானியரிடம் தோற்றார். அவரும் தோழர்களும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினர். அவரது கலைக்கப்பட்ட படையின் சாதாரணச் சிப்பாய்களில் பலரே ஹிக்ஸின் படைக்குத் திரட்டப்பட்டனர். சிலர் விலங்கிடப்பட்டே அழைத்துச் செல்லப்பட்டனர். தளபதி கொழும்பில் சிறைவாசமற்ற அகதியாக வாழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டில், அவரை நம்பிய விவசாயிகளின் பிள்ளைகள் தமக்குச் சம்பந்தமில்லாத பாலைவனமொன்றில் மாண்டனர். ஒராபி பாஷா பின்னர் கண்டியில் வாழ்ந்து, 1901இல் தாயகம் திரும்பினார். எகிப்தியச் செய்திகள் அக்காலத்தில் இங்கு எத்துணை ஆர்வத்தை எழுப்பின என்பதற்குச் சித்திலெப்பை நடத்திய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையும், கார்டூம் வீழ்ந்த அதே 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலும் சாட்சி. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் அந்நூலின் நாயகன் எகிப்து நாட்டவன்.

ஹிக்ஸின் தோல்விக்குப் பின்னர் சூடானைக் கைவிடுவதென்பதே கிளாட்ஸ்டன் அரசின் முடிவு. அப்படியாயின் கோர்டன் ஏன் அனுப்பப்பட்டார்? இவ்விடத்தில் நமது தொழிலைச் சேர்ந்த ஒருவர் பிரவேசிக்கின்றார். ‘பால் மால் கஸெற்’ என்ற லண்டன் பத்திரிகையின் ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட், 1884 ஜனவரியில் கோர்டனைச் செவ்வி கண்டு வெளியிட்டு, அவரையே சூடானுக்கு அனுப்ப வேண்டுமெனப் பெரும் பரப்புரையில் இறங்கினார். சில நாட்களுக்குள் கோர்டன் பயணப்பட்டுவிட்டார். நிலைமையை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிப்பதா, படையினரை வெளியேற்றுவதா, ஆட்சி நடத்துவதா என்ற தெளிவில்லாத கட்டளையுடன் அவர் சென்றார். தலைப்புச் செய்தியொன்று ஓர் அரசின் கையை முறுக்க வல்லதென்பதைப் பத்திரிகையாளர்கள் பெருமையுடன் நினைவுகூர்வதுண்டு. அதன் விளைவாகக் கார்டூமில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

1884 பெப்ரவரி 18ஆம் திகதி கார்டூமை அடைந்த கோர்டன் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, தாமே முன்னர் ஒடுக்கிய அடிமை முறையில் இனித் தலையிடப் போவதில்லை எனப் பிரகடனம் செய்தமையாகும். அவர் தமக்குப் பின் ஆட்சியை ஒப்படைக்க விரும்பியது சுபைர் பாஷாவிடம். சுபைரின் மகன் கோர்டனின் நிருவாகத்தின் கீழேயே கொல்லப்பட்டிருந்தான். லண்டன் இந்த யோசனையை நிராகரித்தது. கோர்டனைக் களங்கமற்ற வீரராக மட்டும் காட்டாமல், பிடிவாதமும் சுயமோகமும் கொண்டவராகவும் ஆர்ட்ரி சித்திரித்திருப்பது பாராட்டத்தக்கது. உண்மையான கோர்டன் அதனினும் விசித்திரமானவர். 1881இல் சீஷெல்ஸ் தீவுகளுக்குச் சென்றபோது ஏதேன் தோட்டம் அங்கேதான் இருந்ததென முடிவு செய்து, இரட்டைத் தேங்காய் காய்க்கும் மரமே விலக்கப்பட்ட மரமென வாதிட்டவர் அவர். இறைவன் தம்மை ஒரு காரியத்துக்காகத் தேர்ந்துள்ளான் என்ற நம்பிக்கை முற்றுகையின் இரு பக்கங்களிலும் இருந்தது. படத்தின் மையக் கருத்தும் இதுவே. அதற்காகவே இல்லாத சந்திப்புகளை ஆர்ட்ரி கற்பனை செய்தார்.

நாடகத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் உண்மையில் நடந்தது அக்கற்பனையைவிடச் சுவை குன்றியதல்ல. கோர்டன் கார்டூமை அடையுமுன்னரே மஹ்திக்குக் கடிதம் எழுதி, அவரைக் கொர்டொஃபானின் சுல்தானாக அங்கீகரிப்பதாகக் கூறிச் சிவப்பு நிறக் கௌரவ அங்கியொன்றையும் அனுப்பினார். இறைவனின் தூதுப்பணி தமக்கென நம்பியவருக்கு ஒரு மாகாணத்தின் சுல்தான் பதவி! மார்ச் மாதம் பதில் வந்தது. சிவப்பு அங்கி திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அதனுடன் அன்ஸார்கள் அணியும் ஒட்டுப்போட்ட அங்கியொன்றும் இஸ்லாத்தை ஏற்குமாறு ஓர் அழைப்பும் இருந்தன. படத்தில் கேணல் ஸ்டூவர்ட்டின் மரணத்தை மஹ்தி நேரில் கோர்டனுக்கு உணர்த்துகின்றார். வரலாற்றில் ஸ்டூவர்ட் சென்ற படகு செப்டெம்பரில் பாறையில் மோதி, அவரும் உடன் சென்றோரும் கரையில் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் மஹ்தி அனுப்பிய கடிதமொன்று, படகில் கைப்பற்றப்பட்ட ஆவணங்களை எடுத்துக்காட்டி அச்செய்தியைக் கோர்டனுக்குத் தெரிவித்தது.

கார்டூமை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான போர்க்களமாகக் காண்பது பெருந்தவறு. நகரிலிருந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். காவற் படையினர் எகிப்தியரும் சூடானியரும். மஹ்தியின் உரிமைகோரல் செல்லாதென மறுத்து கார்டூமின் உலமாக்கள் பிரசுரங்கள் எழுதினர். மஹ்தியோ தம்மை ஏற்காத முஸ்லிம்களையும் நிராகரிப்பாளர் என்றே அறிவித்திருந்தார். தன்னை நம்பாதோரின் ஈமானையே மறுக்கும் ஓர் அழைப்புக்கு நடுநிலையாளர் என எவரும் எஞ்சுவதில்லை. முற்றுகையின் இறுதி மாதங்களில் நகர மக்கள் கழுதைகளையும் நாய்களையும் உண்டனர். பிரித்தானிய நாடாளுமன்றம் ஓகஸ்டில்தான் மீட்புப் படைக்கு நிதி ஒதுக்கியது. ஜனவரியில் வெள்ளை நைலின் நீர்மட்டம் தாழ்ந்து, மதிலின் ஒரு முனையில் சேற்றுநிலம் வழியாக விளைந்தது. 1885 ஜனவரி 26ஆம் திகதி விடியுமுன் அவ்வழியே அன்ஸார்கள் நுழைந்தனர். கோர்டனோடு ஆயிரக்கணக்கான நகரவாசிகளும் அன்று கொல்லப்பட்டனர். மீட்புப் படகுகள் இரண்டு நாட்கள் பிந்தி வந்து திரும்பிச் சென்றன. பிரித்தானியா பல ஆண்டுகள் கோர்டனுக்காக அழுதது. அந்த நகரவாசிகளுக்காக அழுதோர் யாரென்பதைப் படமும் சொல்லவில்லை.

கெய்ரோவிலும் மக்காவிலும் கொன்ஸ்தாந்திநோபிளிலும் தொழுவேன் என்று படத்தில் மஹ்தி சூளுரைக்கின்றார். ஆனால் கார்டூம் வீழ்ந்து ஐந்து மாதங்களுக்குள், 1885 ஜூன் 22ஆம் திகதி, ஒம்துர்மானில் அவர் காய்ச்சல் கண்டு காலமானார். மீட்பர் இறந்துவிட்டால் இயக்கம் கரைந்துவிடும் என்றே ஐரோப்பா எதிர்பார்த்தது. அப்துல்லாஹி, மஹ்தியின் கலீஃபாவாகப் பொறுப்பேற்று, கருவூலம், நாணயம், படை ஆகியவற்றுடன் ஓர் அரசையே நடத்தினார். அது மென்மையான அரசன்று. மஹ்தியின் உறவினர்களே ஓரங்கட்டப்பட்டனர். எத்தியோப்பியாவுடனும் எகிப்துடனும் போர்கள் தொடர்ந்தன. 1888–89இல் பெரும் பஞ்சம் நாட்டை வாட்டியது. அடிமை வணிகமும் நீடித்தது. துருக்கிய வரியை எதிர்த்து எழுந்தவர்களுக்குப் பக்காரா படையினரின் ஆதிக்கம் எத்துணை வேறுபாடாகத் தெரிந்திருக்கும் என்பது சிந்தனைக்குரியது. இருந்தும் 1898 செப்டெம்பர் 2ஆம் திகதி ஒம்துர்மானுக்கு வெளியே கிச்சனரின் மெக்சிம் துப்பாக்கிகளை நோக்கிப் பல்லாயிரம் பேர் திறந்த வெளியில் ஓடி வந்தனர். ஒரே காலைப் பொழுதில் அவர்களில் 10,000க்கும் அதிகமானோர் மாண்டனர். கிச்சனரின் தரப்பில் இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. அச்சத்தினாலோ கொள்ளை ஆசையினாலோ மட்டும் மனிதர்கள் அவ்வாறு ஓடுவதில்லை.

வெற்றிக்குப் பின்னர் கிச்சனர் மஹ்தியின் அடக்கத்தலத்தை இடித்து, எலும்புகளை நைலில் எறியச் செய்தார். மண்டையோட்டைத் தம்மிடம் வைத்துக்கொள்ள முற்பட்டார் என்ற செய்தி விக்டோரியா மகாராணியையே அதிர்ச்சியுறச் செய்தது. அப்போரில் பங்குபற்றிய இளம் வின்ஸ்டன் சேர்ச்சில் 1899இல் வெளியிட்ட தமது நூலில் இச்செயலை வன்மையாகக் கண்டித்தார். தளபதியொருவரின் செயலைக் களத்தில் நின்ற இளநிலை அதிகாரியே எழுத்தில் கண்டித்தமை அன்றைய சூழலில் சாதாரண விடயமன்று.

எலும்புகளை ஆற்றில் எறிந்ததனால் கதை முடியவில்லை. தந்தை இறந்த பின்னர் பிறந்த மகன் அப்துர் ரஹ்மான், அன்ஸார்களை மீண்டும் ஒன்றுதிரட்டினார். முதலாம் உலகப் போரின்போது துருக்கிக்கு எதிராக அவரது ஆதரவை நாடிய பிரித்தானியர், பின்னர் ‘சேர்’ பட்டமும் வழங்கினர். கோர்டனைக் கொன்ற படையின் தலைவருடைய மகன் பிரித்தானியப் பேரரசின் மாவீரர் பட்டம் பெற்றதைக் கிச்சனர் உயிரோடு இருந்து பார்க்கவில்லை. இடிக்கப்பட்ட அடக்கத்தலம் 1947இல் மீளக் கட்டப்பட்டது. அன்ஸார்களின் ஆதரவுடன் இயங்கிய உம்மா கட்சி, 1956 ஜனவரியில் சுதந்திரம் பெற்ற சூடானின் பெரும் கட்சிகளுள் ஒன்றாயிற்று. 1970 மார்ச்சில் ஜெனரல் நிமெய்ரியின் அரசு அபா தீவின் மீது படையெடுத்தது. அங்கே மீண்டும் அன்ஸார்கள் மாண்டனர். இம்முறை சுட்டவர்கள் சூடானியப் படையினர்.

ஒலிவியரின் மஹ்தி திரையில் தோன்றி ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, 1966 ஜூலையில், உண்மையான மஹ்தியின் கொள்ளுப்பேரனும் ஒக்ஸ்ஃபோர்ட் பட்டதாரியுமான சாதிக் அல் மஹ்தி தமது முப்பதாவது வயதில் சூடானின் பிரதமரானார். தேர்தல் மூலம் மீண்டும் 1986இல் அப்பதவிக்கு வந்த அவர் 1989இல் இராணுவப் புரட்சியினால் அகற்றப்பட்டார். 2020 நவம்பரில் கொவிட் தொற்றினால் காலமான அவரது உடல் ஒம்துர்மானுக்குக் கொண்டுவரப்பட்டு, கொள்ளுப்பாட்டனாரின் அடக்கத்தல வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. மூன்றாண்டுகள் நிறைவுறுமுன் அந்த நகரின் வீதிகளில் ஷெல்கள் விழத் தொடங்கின.